உள்ளது உள்ளபடியே எடுத்துத் தரப்படும்

ஜூன் 8, 1936

மேகம். காலையிலிருந்து கூரைக் கண்ணாடியைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலிக்கிறது. நாமக்கல்லில் மழை வேண்டாம் என்று வேண்டிக்கொள்கிற வீடு எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். வெளிச்சம் இல்லாமல் போட்டோ இல்லை, போட்டோ இல்லாமல் சோறு இல்லை.

இந்த டைரி சேலத்துப் பிளேட் கடைக்காரர் என் வீட்டுக்காரருக்கு இனாமாகக் கொடுத்தது. ஐந்து மாதமாக 'வெயில்', 'மேகம்', 'வெயில்' என்று எழுதிவந்தார். நேற்றோடு அதுவும் அலுத்துவிட்டது. இனி நான் எழுதுகிறேன். மிஷன் பள்ளியில் எட்டாவது வரை படித்த சௌந்திரம் பென்சிலை அடுத்தவர் முகத்தில் மட்டும்தான் போட வேண்டும் என்று சட்டமா?

வீட்டுக்காரர் பெயரை வாயால் சொல்லக் கூடாது. எழுதக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஆகையால் மருதாசலம் என்றே எழுதுகிறேன். எழுதும்போது கொஞ்சம் சுகமாகத்தான் இருக்கிறது.

வாசலில் பலகை தொங்குகிறது: 'மருதாசலம் போட்டோ நிலையம். உள்ளது உள்ளபடியே எடுத்துத் தரப்படும்.' மருதாசலம் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு உள்ளதை உள்ளபடியே எடுப்பார். பிறகு அந்தக் கண்ணாடிப் பிளேட் என் மேஜைக்கு வரும். பிளேட்டில் பென்சில் பட்ட இடம் காகிதத்தில் வெளுப்பாக விழும். அம்மைத்தழும்பு, கண்ணுக்குக் கீழே தொங்கும் பை, கன்னத்து மரு எல்லாவற்றையும் பென்சிலால் மூடிவிடுவேன். பலகை எழுதிக் கொடுத்த பெயின்டரே தன் போட்டோவில் மரு இருக்கக் கூடாது என்று என்னிடம்தான் வந்து நின்றார்.

கடையில் ஒரு கோட்டு, ஒரு தலைப்பாகை, நின்றுபோன ஒரு கைக்கடிகாரம், தடித்த ஒரு புத்தகம். தாலுகாவில் கௌரவமானவர்கள் எல்லோரும் இந்தக் கோட்டையே போட்டிருக்கிறார்கள், இந்தப் புத்தகத்தையே படிக்கிறார்கள். தண்ணீர் இறைக்கும் பம்புகளைப் பற்றி வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்று போட்ட புத்தகம் அது.

ஜூன் 11

வெயில். நான்கு பேர் வந்தார்கள். நான்கு பேரும் ஆண்டி உட்கார்ந்த நாற்காலியில் உட்கார்ந்தார்கள்.

ஆண்டிக்குத் திரை இழுக்கிற வேலை. கூரைக் கண்ணாடிக்குக் கீழே வெள்ளைத் திரைகள் இருக்கின்றன. கயிற்றை இழுத்து வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பார். காவிரிக்கரை வேலூர் ரோட்டுப் பண்ணையில் ஆயுசெல்லாம் பாடுபட்டவர். முதுகு பிடித்துக்கொண்டு குனிய முடியாமல் போனதும், குனிய முடியாதவனுக்குப் பண்ணையில் என்ன வேலை என்று அனுப்பிவிட்டார்கள். எங்களுக்கு அந்த முதுகுதான் வேண்டியிருந்தது. பெரிய மனிதர்கள் வருவதற்கு முன்னால் ஆண்டியை நாற்காலியில் உட்காரவைத்து, கோட்டையும் தலைப்பாகையையும் மாட்டிவிட்டு, காமிராவைச் சரிபார்ப்பது வழக்கம். அந்த நிமிர்ந்த முதுகும் நீண்ட மூக்குமாக அவர் உட்கார்ந்தால் ஜமீன்தார் கெட்டார்.

வருகிறவர்கள் நாற்காலியைத் துடைக்கச் சொல்வார்கள். துடைப்போம். கோட்டைத் துடைக்கச் சொல்வதில்லை. கோட்டை யார் போட்டிருந்தார் என்று அவர்களுக்குத் தெரியாது.

ஜூன் 17

மருதாசலம் இன்று ஒரு பொய் சொன்னார். சின்னப் பொய் இல்லை. நடந்ததை எழுதிவைக்கிறேன்.

வேலூர் ரோட்டுப் பண்ணை குழந்தைவேல் வந்தார். அவர் அப்பா செங்கோட்டையன் போன கார்த்திகையில் காலமானார். போட்டோ பிடித்தால் ஆயுசு குறையும் என்று கடைசிவரை காமிரா முன்னால் உட்காராதவர். உட்காராமலேயே போய்விட்டார். இப்போது பங்காளி வீட்டுக் கூடத்தில் அவர்கள் அப்பாவின் போட்டோவைப் பெரிதாக்கி மாட்டிவிட்டார்களாம். குழந்தைவேல் வீட்டுச் சுவர் வெறும் சுவராக இருக்கிறது. அப்பா போன துக்கத்தைவிட அது பெரிதாக இருந்தது அவருக்கு.

"ஏனுங்க, செத்தவங்களப் புடிக்க முடியுமுங்களா?" என்றார்.

"மேகம் வந்தா உசுரோட இருக்கறவங்களையே புடிக்க முடியறதில்லீங்க" என்றார் மருதாசலம். ஆனாலும் வந்த ஆளை விட மனசில்லை. கையால் வரைந்து பார்க்கலாம் என்று அடையாளம் கேட்டார். மூக்கு எப்படி என்றால், "மூக்குங்களா... இருந்துச்சுங்க" என்கிறார் மகன். கண்?

"கண்ணப் பாத்ததில்லீங்க. எங்கய்யன் முன்னால நின்னா அவரு கால் கட்டவெரலத்தான் பாப்பேன். செவப்பா இருப்பாரு, மீசை பெருசா இருக்கும். அது ஓரக்கண்ணுல தெரிஞ்சதுங்க."

அப்போதுதான் ஜன்னல் பக்கம் திரும்பினார். புதிதாக வந்த பிளேட்டுகளைச் சோதிக்க மருதாசலம் நேற்று ஆண்டியை எடுத்திருந்தார். அந்தப் பிளேட் ஜன்னலில் காய்ந்துகொண்டிருந்தது. பிளேட்டில் எல்லாம் மாறித் தெரியும் — கறுப்பு வெளுப்பாக, வெளுப்பு கறுப்பாக. ஆண்டியின் கறுத்த முகம் வெயிலில் தகதகவென்று சிவப்பாக இருந்தது. நரைத்த மீசை கருகருவென்று இருந்தது.

குழந்தைவேல் எழுந்து கைகூப்பிவிட்டார். "எங்கய்யனுங்க. இதேதானுங்க. அந்தச் செவப்பு, அந்த மீசை. சாகறவரைக்கும் மீசை நரைக்காத மனுசனுங்க. தலைப்பாக்கட்டுத்தான் ஏனோ கறுப்பா இருக்குதுங்க."

நான் மருதாசலத்தைப் பார்த்தேன். இல்லைங்க, அது வேற ஆளு — இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கழுவுனா வெளுத்துருமுங்க" என்றார். போன வருஷம் சந்தையில் கூட்டத்தை எடுக்கப்போனபோது பெரியவர் தெரியாமல் விழுந்த படம் என்று ஒரு கதையும் சேர்த்துச் சொன்னார். சந்தையில் நாற்காலி எப்படி வந்தது என்று குழந்தைவேல் கேட்கவில்லை. அழுதுகொண்டிருந்தார்.

திரைக்குப் பின்னால் ஆண்டி மெல்ல இருமினார்.

ஜூன் 18

நாள் முழுக்க ஆண்டியின் முகத்தில் பென்சில் போட்டேன். வெளுக்கவில்லை.

ஜூன் 23

இன்றைக்குத்தான் ஒரு மாதிரி செங்கோட்டையன் ஆனார். அம்மைத்தழும்புகளை ஒவ்வொன்றாக மூடி, நெற்றி, கன்னம், கழுத்து எல்லாம் வெளுக்க வைத்து, அச்சான காகிதத்தில் மீசைக்கு மை தொட்டுக் கறுப்பாக்கி... என் கண் போய்விட்டது. அந்த மனுஷனின் கண்ணை மட்டும் நான் தொடவில்லை. தொட மனசு வரவில்லை. எதையும் கேட்காத கண்.

மருதாசலம் பக்கத்தில் நின்று தத்துவம் பேசினார். "சௌந்திரம், அப்பன்னா ஒரு உருவமா? அது ஒரு பாவம். அந்தப் பாவத்த நாம குடுக்கறோம்." பாவம் என்று அவர் எந்தப் பாவத்தைச் சொன்னாரோ, எனக்கு ஒன்றுதான் தோன்றியது.

ஜூலை 3

பயந்தபடியே ஆயிற்று. படத்துக்குச் சட்டம் போடுவதற்கு முன்னால் ஆத்தா பார்க்க வேண்டும் என்று குழந்தைவேல் தன் தாயைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். பெயர் பாவாயி. வெள்ளைச் சீலை, தளர்ந்த நடை, பார்வை மட்டும் தளரவில்லை. வண்டிச் சத்தம் கேட்டதும் மருதாசலம் பிளேட் கழுவ வேண்டும் என்று இருட்டறைக்குள் போய் உள்ளே தாழ் போட்டுக்கொண்டார். வீரர்.

பாவாயி படத்தை மடியில் வைத்து வெகுநேரம் பார்த்தாள். மகனிடம் வெற்றிலை வாங்கிவரச் சொன்னாள். அவர் தெருவில் இறங்கியதும் என்னைப் பார்த்தாள்.

"இது அவரில்ல, அம்மிணி."

வாய் திறக்கப்போனேன், கையைக் காட்டி நிறுத்தினாள்.

"யாருன்னு சொல்ல வேண்டாம், சாமி. அந்த மொகத்த எங்க ஊர்ல கிட்டக்கப் பாத்தவ நான் ஒருத்திதான். மத்தவங்கெல்லாம் குனிஞ்சுக்குவாங்க. எனக்குக் குனிஞ்சா அடி எந்தப் பக்கம் வருதுன்னு தெரியாது, அதனால மொகத்தப் பாத்துக்கிட்டே நிப்பேன்." படத்தைத் தடவினாள். "இவரு கையப் பாரு, மடியில வெச்சுட்டு எப்படி உக்காந்திருக்காரு. ஓங்கற கை இல்ல. இனி இருக்கற நாளுக்கு இவரு மொகத்துல முழிச்சுட்டுப் போறேன்."

குழந்தைவேல் வெற்றிலையோடு வந்தார். "அவரேதான்டா. அப்படியே இருக்குது" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மகன் அழுதார். தாழ் திறந்து மருதாசலம் வெளியே வந்தார், அவரும் அழுதார். நானும் அழுதேன். நான் அழுதது அந்த இருவருக்காகவும் இல்லை.

ஜூலை 13

நேற்று செங்கோட்டையனை ஊருக்குக் கொண்டுபோனார்கள். ஜோடித்த வண்டி, மேளம், படத்துக்கு ஆள் உயர மாலை. வாசலில் இறக்கிவைத்து, பண்ணையாட்கள் எல்லோரும் வரிசையாக வந்து விழுந்து கும்பிட வேண்டும் என்று குழந்தைவேல் உத்தரவாம். ஆண்டி குடியிருப்பதும் அந்த ஊர்ப் பண்ணையாட்கள் வளவில்தான். அவரும் போயிருக்கிறார்.

"நீங்களுமா விழுந்தீங்க?" என்று கேட்டேன்.

"ஆமாங்க. உழுந்தது சுளுவுங்க, எந்திரிக்கத்தான் ரெண்டு பேரு புடிக்க வேண்டியதாப் போச்சு." கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டே சொன்னார். "பெரிய பண்ணாடி உசுரோட இருக்கறப்ப நிமுந்து பாத்ததில்லீங்க. போட்டாவுலதான் நல்லாப் பாத்தேன். நல்ல மொகமுங்க."

அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முகங்களை நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிற எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

ஆகஸ்ட் 2

ஆடிப் பதினெட்டுக்கு மருதாசலம் காமிராவோடு வேலூர் காவிரிக்குப் போயிருக்கிறார். புது மாப்பிள்ளைகளை எடுக்கவாம். எனக்குத் தெரியும், யார் வீட்டில் அப்பா இல்லை என்று விசாரிக்கத்தான் போயிருக்கிறார்.

ஆகஸ்ட் 21

பலகையில் புதிதாக ஒரு வரி சேர்ந்துவிட்டது. 'காலமானவர்களும் எடுக்கப்படும்.' உள்ளது உள்ளபடியே என்பதற்கு நேர் கீழே. பெயின்டருக்கும் சிரிப்பு வரவில்லை, மருதாசலத்துக்கும் வரவில்லை. எனக்குத்தான் உள்ளே போய்ச் சிரிக்க வேண்டியிருந்தது.

மல்லசமுத்திரத்திலிருந்து ஒருவர் வந்தார். ஆண்டிக்குத் திருநீறு பூசி அவருக்கு அப்பாவாக்கினோம். குமாரபாளையம் ஜவுளிக்காரர் வந்தார்; நாமம் போட்டு, மூக்குக் கண்ணாடி மாட்டி, இன்னொரு அப்பா. தாடி வைத்தவர் ஒருவர், வழுக்கையானவர் ஒருவர். எல்லா மகன்களும் பார்த்தவுடன் அழுகிறார்கள். ஒரு மகனாவது 'மூக்கு இப்படியில்லையே' என்று சொல்லட்டும் என்று காத்திருக்கிறேன். கைக்கடிகாரத்தைப் பார்த்து, "எங்கப்பாகிட்ட இது இருந்ததா எனக்குத் தெரியாதுங்களே" என்று சந்தோஷப்படுகிறார்கள்.

இதைவிடக் கூத்து: எங்களிடம் அப்பா வாங்கிக்கொண்ட இரண்டு வீட்டார் சம்பந்தம் பேசியிருக்கிறார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் சுவரைப் பார்த்து, இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் ஒரே சாடையாக இருக்கிறார்கள், இதற்குமேல் என்ன பொருத்தம் என்று தட்டு மாற்றிவிட்டார்களாம். பங்காளிக்குள் பெண் கொடுப்பதா என்று நான் கேட்டேன். மருதாசலம் வானத்தைப் பார்த்தார்.

செப்டம்பர் 5

இத்தனை நாளில் ஆண்டி எதுவும் கேட்டதில்லை. இன்று கேட்டார்.

அவருக்கு ஒரே மகள், சின்னாயி. பண்ணை வாசல் கூட்டுகிறவள். கட்டிக்கொடுத்து இரண்டு வருஷம் ஆகிறது. ஐப்பசி பிறந்ததும் புருஷனோடு கண்டிச் சீமைக்குத் தேயிலைத் தோட்டத்துக் கூலியாகப் போகிறாள். கங்காணி வந்து பேசி முடித்துவிட்டான். போனவர்கள் திரும்பி வருவது அபூர்வம்.

"ஒரு போட்டா, சாமி. என்னையப் புடிச்சது. அவ கையில குடுத்து உடலாமுன்னு. திரும்பி வாரப்ப நான் இருக்கோணுமில்ல."

இதைவிடச் சின்ன ஆசை ஒன்று இருக்குமா? மருதாசலத்திடம் சொல்கிறேன் என்றேன்.

செப்டம்பர் 9

முடியாதாம்.

"கொஞ்சமாவது யோசிச்சுப் பேசு, சௌந்திரம். ஆண்டிங்கற பேர்ல ஆண்டி போட்டா ஒண்ணு வெளிய போச்சுன்னா, அத எவனாவது ஒருத்தன் பாத்தான்னா, அத்தன அப்பனும் ஒரே நாள்ல செத்துருவாங்க. அப்புறம் நம்மளையும் அங்கயே பொதைப்பாங்க. ஆண்டிய உடுவாங்களா? நம்ம அப்பன் எடத்துல இவனா உக்காந்தான்னு முதுகெலும்ப முறிச்சுருவாங்க. அவன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவன் நல்லதுக்காம். ஒருத்தன் மூஞ்சிய எடுத்து ஊரெல்லாம் வித்துப்போட்டு, அந்த மூஞ்சி சொந்தக்காரனுக்கு மட்டும் கெடையாதுன்னு சொல்ற வாயி — அந்த வாயத்தான் நான் தெனமும் சோறு போட்டு வளக்கறேன். அவன் அவன்னு வேற. இவரு அப்பன் வயசு அந்த மனுசனுக்கு.

பயம் எனக்கும் இல்லாமல் இல்லை. முதுகை முறிப்பார்கள் என்பது பொய்யில்லை. அதனால்தான் கோபம் இத்தனை வருகிறது.

செப்டம்பர் 12

ஆண்டி திரும்பக் கேட்கவில்லை. கயிறு இழுக்கிறார், உட்காரச் சொன்னால் உட்காருகிறார். அவர் கேட்காமல் இருப்பதுதான் தாங்கவில்லை.

செப்டம்பர் 24

மருதாசலம் பிளேட் வாங்க சேலம் பஸ் ஏறினார். நான் கடைக்கதவைச் சாத்திவிட்டு ஆண்டியைக் கூப்பிட்டேன்.

காமிராவை நான் தொட்டதே இல்லை என்று மருதாசலம் நம்பிக்கொண்டிருக்கிறார். இருக்கட்டும். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டேன். ஆண்டி தலைகீழாகத் தெரிந்தார். கோட்டு வேண்டாம், தலைப்பாகை வேண்டாம், உங்கள் துண்டு போதும், நீங்கள் எப்படி இருக்கிறீர்களோ அப்படியே உட்காருங்கள் என்றேன். மனுஷன் உட்கார மாட்டேன் என்கிறார்.

"தினம் உட்காருகிற நாற்காலிதானே?"

"அது வேலைக்குங்க. இது எனக்குங்களே."

கடைசிவரை உட்காரவில்லை. நாற்காலிக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார், நான் எவ்வளவு சொல்லியும். திரையையும் அவரே போய் இழுத்துச் சரிசெய்துவிட்டு வந்து நின்றார். அவர் அளவுக்கு வெளிச்சம் தெரிந்தவர் இங்கே யார் இருக்கிறார்கள்?

பென்சிலை இன்று தொடவே இல்லை. உள்ளது உள்ளபடியே. எனக்குப் பெருமையாக இருந்தது. இதை எழுதும்போதும் இருக்கிறது.

செப்டம்பர் 26

மருதாசலம் பஞ்சாயத்துக்காரர் வீட்டுக்குப் படம் எடுக்கப் போன நேரம் பார்த்து அச்சுப் போட்டேன். அம்மைத்தழும்பு, நரை, நெஞ்செலும்பு எல்லாம் அப்படியே விழுந்திருந்தது. ஆண்டி கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வாங்கினார். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்.

"எங்கப்பனாட்டமே ஆயிட்டேனுங்க" என்றார் கடைசியில். "எங்கப்பனும் இப்படித்தான் கையக் கட்டிட்டு நிக்கும். அதுக்குப் போட்டா கெடையாது. இத எங்கப்பன்னே வெச்சுக்கறேன், சாமி."

எல்லோருடைய அப்பாவும் அந்த முகத்தில் இருக்கிறார்கள், முகத்துக்காரரின் அப்பா உள்பட. மகளுக்கு வேறொரு அச்சுப் போட்டுத் தருகிறேன் என்றேன். அவளையே வந்து வாங்கிக்கொள்ளச் சொல்கிறேன் என்று போனார்.

செப்டம்பர் 29

சின்னாயி பின்வாசலுக்கு வந்தாள். அப்பன் மூக்கு அப்படியே இருக்கிறது. படத்தைக் கொடுத்தேன். என் முகத்தில் என்னென்ன பெருமை வழிந்ததோ, இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

பார்த்தாள். சிரித்தாள். பிறகு திருப்பி நீட்டினாள்.

"எங்கப்பன்தானுங்க. எனக்கு இது வேண்டாமுங்க. பண்ணாடி ஊட்டுச் செவுத்துல எங்கப்பன் உக்காந்திருக்குதே, அந்தப் போட்டா குடுங்க."

வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"எங்க வளவுல எல்லாத்துக்கும் தெரியுமுங்க. வண்டியில வந்தன்னைக்கே தெரியும். நாங்க ஒருத்தர் மொகத்த ஒருத்தர் பாக்கறவங்கதானுங்களே."

"பின்னே ஏன் யாரும் சொல்லவில்லை?"

"சொன்னா எறக்கிருவாங்களே. இருந்துட்டுப் போகட்டுமுன்னு உட்டுட்டோம். தெனமும் காலங்காத்தால பண்ணாடி குளிச்சுட்டு வந்து எங்கப்பனுக்குச் சூடம் காட்டும். வாசக் கூட்டிக்கிட்டே பாப்பேனுங்க. அன்னைக்கு எங்கப்பன் உழுந்து எந்திரிக்கறப்ப நாங்க சிரிப்ப அடக்குனது எங்களுக்குத்தான் தெரியும்."

இத்தனை நாள் மருதாசலம் தாழ் போட்டுக் காத்த ரகசியம். ஒரு வளவே வைத்திருந்த ரகசியம். ஆனாலும் எனக்குப் புத்தி வரவில்லை. அது வெளுக்கடித்த பொய், இதுதான் உன் அப்பனின் நிஜ முகம் என்று அவளுக்குப் பாடம் நடத்தினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"கண்டியில நான் யாருன்னு எவனுக்குங்க தெரியும்? கையக் கட்டிட்டு நிக்கற அப்பன அங்கயும் கொண்டுபோய்க் காட்டோணுமா? பொய்யெல்லாம் பண்ணாடிகளுக்குக் குடுத்தீங்க. நெசம் மட்டும் எங்களுக்குங்களா?"

கோபமே இல்லாமல்தான் கேட்டாள். சோறு வடிக்கும்போதும் அதையேதான் யோசித்தேன்.

அக்டோபர் 1

செங்கோட்டையன் பிளேட்டை எடுத்து இன்னொரு அச்சுப் போட்டேன். கோட்டு, தலைப்பாகை, கடிகாரம், நாற்காலி. சின்னாயி கேட்டபடி கொஞ்சம் கறுப்பாகவே போட்டேன். மீசைக்கு மை தொடவில்லை. அதே பிளேட்தான். அந்தப் பிளேட்டிலிருந்து சரியான வீட்டுக்குப் போகிற முதல் படம் இது. சீலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு போனாள்.

மருதாசலத்திடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முதலில் முகம் வெளுத்தது. வளவு முழுக்கத் தெரியும், ஆனாலும் யாரும் சொல்லவில்லை என்றதும் கொஞ்சம் நிறம் திரும்பிற்று. "பாத்தியா, அத்தனை தழும்பையும் மூடியும் அடையாளம் கண்டுபுடிச்சிருக்காங்க. நம்ம வேலை அவ்வளவு சுத்தம்" என்றார்.

இவரோடுதான் நான் குடித்தனம் நடத்துகிறேன்.

அக்டோபர் 20

சின்னாயி போய்விட்டாள். ஆண்டி இன்று திரையை இழுக்கும்போது வெளிச்சம் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. மருதாசலமே போய்க் கயிற்றைச் சரிசெய்துவிட்டு வந்தார்.

பிப்ரவரி 11, 1937

டைரி தீர்ந்து, பின்னால் இருக்கிற காலிப் பக்கத்தில் எழுதுகிறேன். நல்ல வெயில்.

குழந்தைவேல் வந்தார். இந்தத் தடவை அவரையே எடுக்க. வந்தவர் நேரே திரைக்குப் போய், "ஏன்டா ஆண்டி, உம்பட புள்ள செஞ்சதக் கேட்டியா?" என்றார். மருதாசலம் இருட்டறைப் பக்கம் ஓரடி வைத்தார்.

கங்காணி ஆள் சேர்க்கத் திரும்ப வந்திருக்கிறான். கண்டியில், கூலிகள் குடியிருக்கும் லயத்தில், சின்னாயி வீட்டுச் சுவரில் பெரிய பண்ணாடி போட்டோ இருப்பதைப் பார்த்தானாம். தினமும் அதற்குப் பூ வைக்கிறாளாம். இதைச் சொல்லும்போது குழந்தைவேலுக்குக் கண் கலங்கிவிட்டது. "கடல் தாண்டிப் போயும் எங்கய்யன மறக்கல பாருங்க. எங்க வாங்குனான்னு நான் கேக்கல. விசுவாசமுன்னா அது விசுவாசம். நல்ல புள்ளயப் பெத்திருக்கறடா."

"ஆமாங்க, பண்ணாடி. அப்பன் மேல உசுருங்க அவளுக்கு" என்றார் ஆண்டி.

குழந்தைவேல் தலையை ஆட்டிக்கொண்டார். பக்கத்தில் பக்கத்தில் நின்றிருந்தார்கள். அவர் ஆண்டியின் முகத்தைப் பார்க்கவில்லை. பேசி முடித்துவிட்டு, நாற்காலியைத் துடைக்கச் சொன்னார். துடைத்தேன். கோட்டை மாட்டிவிட்டேன்.

ஆத்தா சௌக்கியமா என்று கேட்டேன்.

"ரொம்ப நல்லா இருக்காங்க. தெனமும் சாயங்காலம் போட்டாக்கு முன்னால உக்காந்து வெத்தல போட்டுக்கிட்டுப் பேசிட்டு இருக்காங்க. எங்கய்யன் இருந்தப்பக்கூட இத்தனை பேசி நான் பாத்ததில்லீங்க."

படம் எடுத்து முடிந்ததும் என் மேஜைப் பக்கம் வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அம்மிணி, ஒரு ஒதவி. எம்பட போட்டாவுல எங்கய்யன் சாடை கொஞ்சம் தெரியோணும். செவுத்துல போட்டாவப் பாத்துட்டு, நான் எங்கய்யனாட்டம் இல்லவே இல்லேன்னு பங்காளி ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறான். மானம் போகுதுங்க. அந்த மூக்கு, அந்தக் காது, அந்தப் பார்வை கொஞ்சம் வந்தாப் போதும்."

வரும் என்றேன்.

அவர் வண்டி ஏறிப் போனபின் பிளேட்டைக் கழுவி, காயவைத்து, மேஜையில் வைத்தேன். பென்சிலைச் சீவினேன். ஆண்டியைக் கூப்பிட்டு, எனக்கு நேர் எதிரில் நாற்காலியில் உட்காரச் சொன்னேன்.

"வேலைக்குங்களா?" என்றார்.

"வேலைக்குத்தான்."

உட்கார்ந்தார். நிமிர்ந்த முதுகு, மடியில் கை. நான் மூக்கிலிருந்து ஆரம்பித்தேன்.